கனடாவில் ஆர்வி எடுக்கும் கொழும்புக் குடும்பங்களுக்கு: வழித்தங்கல் இரவுகளை எங்கே வைப்பது

ஆகஸ்ட் விடுமுறைக்கு ஸ்காபரோவில் உள்ள உறவுகளிடம் போய், எல்லோரும் சேர்ந்து ஒரு ஆர்வி (கட்டில், குசினி, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டுவண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்றுவோம் என்று திட்டம் போடுபவர்கள் முதலில் விசாரிப்பது வண்டியைப் பற்றித்தான். எத்தனை கட்டில், எவ்வளவு பெற்றோல், யார் ஓட்டுவது. இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. பயணத்தில் வீணாகும் காசில் பெரும்பங்கும், கெட்டுப்போகும் நித்திரை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன.

இரவுகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையிலோ காட்டிலோ இரண்டு மூன்று நாள் இருந்து அனுபவிக்கும் இரவு ஒன்று. போகும் வழியில் நித்திரைக்காக மட்டும் நிற்கும் இரவு மற்றது. ரொறன்ரோவிலிருந்து ஹலிஃபாக்ஸ் ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர். ஆர்வியில் ஒரு நாளைக்கு 350 முதல் 400 கிலோமீற்றர் ஓடினால் போதும். அதற்கு மேல் போனால் இருட்டில் போய்ச் சேர வேண்டிவரும், வலப்பக்கம் ஓட்டிப் பழகாத சாரதிக்கு அது ஆபத்து. அந்தக் கணக்கில் போகும்போதே நான்கு வழித்தங்கல் இரவுகள் வருகின்றன. கே.ஓ.ஏ (Kampgrounds of America) போன்ற கிளை கிளையாக உள்ள கேம்ப்கிரவுண்டுகளை, அதாவது காசு கட்டி வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடங்களை, இந்த இரண்டாவது வகை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகைக்கு மாகாணப் பூங்காக்களும் தேசியப் பூங்காக்களும் இருக்கின்றன. இரண்டையும் மாற்றிப் பதிபவர்கள்தான் காடு பார்க்கப் போய் நெடுஞ்சாலையோரம் மூன்று நாள் இருக்கிறார்கள்; அல்லது ஆறு மணிநேர நித்திரைக்காக நீச்சல்குளத்துக்கும் விளையாட்டுத்திடலுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்கள்.

கே.ஓ.ஏ பிறந்ததே வழித்தங்கலுக்காகத்தான். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போனவர்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் இரவு நிற்க இடம் தேடினார்கள். அங்கே ஆற்றங்கரைக் காணியில் தொடங்கியது இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 500 இடங்களாகப் பரந்திருக்கிறது. பெரும்பாலானவை தனி உரிமையாளர்கள் உரிமம் பெற்று நடத்துபவை. ஆகவே பெயர்ப்பலகை உங்களுக்கு உறுதிசெய்வது ஒரு அடிப்படைத் தரத்தை மட்டும்: மின்சாரம், தண்ணீர், குளியலறை, அலுவலகத்தில் ஒரு ஆள். அதற்கு மேல் எல்லாம் உரிமையாளரின் கையில். ஒரு கே.ஓ.ஏ நன்றாக இருந்தது என்பதால் அடுத்ததும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பெயருக்குப் பின்னால் வரும் சொல்லைக் கவனியுங்கள். ஜேர்னி, ஹொலிடே, ரிசோர்ட் என்று மூன்று வகை. ஜேர்னி நெடுஞ்சாலைக்கு அருகில், நேரே உள்ளே போய் நேரே வெளியே வரக்கூடிய நீண்ட தளங்களோடு (தளம் என்பது ஒரு வண்டி நிற்கும் இடம்) இருக்கும். ஹொலிடே கொஞ்சம் தங்கிப் பார்க்கும் இடம். ரிசோர்ட்டில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள், குளம் எல்லாம் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வழித்தங்கலுக்கு ஜேர்னி. மாலை ஐந்துக்கு வந்து காலை எட்டுக்குப் புறப்படுபவருக்கு மற்ற இரண்டும் தேவையில்லை.

இனி விலை. இணையத்தில் முதலில் தெரியும் தொகையை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். பல இடங்களில் அந்தத் தொகை இரண்டு பெரியவர்களுக்கானது. மூன்றாவது ஆளிலிருந்து தலைக்கு ஒரு தொகை சேரும். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள், அம்மம்மா, சித்தப்பா என்று ஆறு பேர் போகும்போது இது சிறிய விடயம் இல்லை. உதாரணத்துக்கு அடிப்படைத் தொகை 70 டொலர், மேலதிக ஆளுக்கு 5 டொலர் என்று வையுங்கள்: ஆறு பேருக்கு 90, வரியோடு 100ஐத் தாண்டும். அதனால் தேடும்போதே ஆட்களின் எண்ணிக்கையையும் பிள்ளைகளின் வயதையும் சரியாகப் போட்டுப் பாருங்கள். பொய்யாக இரண்டு பேர் என்று பதிந்துவிட்டு ஆறு பேர் இறங்கினால் அலுவலகத்தில் நின்று தர்க்கப்பட வேண்டியதுதான்.

விலை நாளுக்கு நாள் மாறும். ஒரே தளம் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை வேறு விலை. வழித்தங்கல்களை வாரநாட்களில் விழவைத்து, பூங்காவில் இருக்கும் நாட்களை வார இறுதிக்கு வையுங்கள். கனடாவின் நீண்ட வார இறுதிகளில் (ஜூலை 1ஐ ஒட்டியது, ஆகஸ்ட் முதலாம் திங்கள், செப்டெம்பர் முதலாம் திங்கள்) பல இடங்கள் இரண்டு அல்லது மூன்று இரவு கட்டாயம் என்று வைத்திருக்கும். ஓர் இரவுக்கு மட்டும் தேடுபவருக்கு அப்போது "இடமில்லை" என்றே காட்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் போய் இறங்குபவர்கள் இதை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கே.ஓ.ஏயின் உறுப்பினர் அட்டை 10 வீதக் கழிவு தரும். அதை வாங்கலாமா என்பதற்குச் சின்னக் கணக்கு: ஆண்டுக் கட்டணத்தை ஓர் இரவின் கழிவால் வகுங்கள். 80 டொலர் இரவில் கழிவு 8 டொலர். வரும் விடையை விட அதிக இரவுகள் கே.ஓ.ஏயில் நிற்பதென்றால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது செய்மதிப் படத்தைத் திறந்து மூன்றைப் பாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்து எத்தனை கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும்: பத்து நிமிடத்துக்கு மேல் என்றால் வேறு இடம் தேடலாம், ஏனென்றால் அதே தூரம் காலையில் திரும்பவும் வரவேண்டும். தளம் நேரே கடக்கக்கூடியதா: 25 முதல் 30 அடி நீளமான வண்டியை மரங்களுக்கிடையில் பின்பக்கமாக நுழைப்பது களைத்துப்போன சாரதிக்குத் தண்டனை, வாடகை வண்டிகளில் வரும் சேதத்தில் கூரையின் பின்மூலைக்கும் ஏணிக்கும் பெரிய பங்குண்டு. மூன்றாவது, ரயில் பாதை. வெள்ளவத்தையில் கடற்கரை ரயிலுக்குப் பழகியவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது என்று எண்ணலாம். அங்கே ஓடுவது நீளமான சரக்கு ரயில்கள். தெருக் கடவை வரும்போதெல்லாம் இரண்டு நீளம், ஒரு குறுக்கம், ஒரு நீளம் என்று ஹோர்ன் அடிக்கச் சட்டமே சொல்கிறது, நடுச்சாமத்திலும். பழைய நெடுஞ்சாலைகளும் ரயில் பாதைகளும் பக்கம் பக்கமாகப் போவதால் வழித்தங்கல் இடங்களில் இது அடிக்கடி வரும். படத்தில் பாதை தெரிந்தால், அருகில் கடவை இருக்கிறதா என்று பாருங்கள். கடவை இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் என்றால் சமாளிக்கலாம்.

கரண்ட்

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இலங்கையில் 230 வோல்ட், அங்கே 120. கொழும்பிலிருந்து கொண்டுபோகும் ரைஸ் குக்கர் பிளக் மாற்றியைப் போட்டால் எரியும், ஆனால் சோறு வேகாது. சூடாக்கும் கம்பியின் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால் 700 வாட் குக்கர் அங்கே ஏறத்தாழ 190 வாட்தான் தரும். மிக்சியும் அப்படியே இழுபடும். ரைஸ் குக்கரை அங்கேயே வாங்குங்கள், அல்லது ஸ்காபரோ வீட்டிலிருந்து இரவல் எடுங்கள். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வரை ஏற்பவை, பிரச்சினை இல்லை. தளத்தில் உள்ள 50 ஆம்ப் பிளக்கில் 240 வோல்ட் இருக்கிறது என்று எங்கேயாவது வாசித்துவிட்டு அதிலிருந்து நம் நாட்டுச் சாமானை ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

வாடகைக்குக் கிடைக்கும் குடும்ப ஆர்விகள் பெரும்பாலும் 30 ஆம்ப் வண்டிகள். 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். 50 ஆம்ப் என்பது இரண்டு கம்பிகளில் மொத்தம் 12,000 வாட். கூரையில் இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிகளுக்கானது. உங்கள் வண்டி 30 என்றால் 50 ஆம்ப் தளத்துக்குக் கூடக் கொடுப்பது வீண். அது மட்டுமே மிச்சமிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தளத்தின் அதே மின்பெட்டியில் 30 ஆம்ப் துளையும் இருக்கும்.

30 ஆம்பைப் பங்கிடப் பழகுங்கள். ஏசி ஓடும்போது 12, 13 ஆம்ப் எடுக்கும். 1,500 வாட் கெட்டில் 12.5. மைக்ரோவேவும் ஏறக்குறைய அவ்வளவு. ஏசியும் கெட்டிலும் சேர்ந்தால் 25ஐத் தாண்டிவிட்டது. குளிர்சாதனப் பெட்டி 3, பேட்டரி சார்ஜர் சில ஆம்ப் என்று சேர, பிரேக்கர் விழும். காலைத் தேநீர் நேரத்தில் கரண்ட் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெரிய சாமான்களில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியைக் காஸுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். தேநீருக்குக் காஸ் அடுப்பே போதும்.

பிளக்கைச் செருகும்போது பெட்டியில் உள்ள பிரேக்கரை முதலில் அணையுங்கள், செருகுங்கள், பிறகு போடுங்கள். கழற்றும்போதும் முதலில் அணைப்பது. பிரேக்கர் போட்டபடி செருகினால் பொறி பறந்து முனைகள் கருகும். கருகிய முனை அடுத்த இரவு சூடாகும். முனை ஏற்கெனவே கருகியிருக்கும் பெட்டி கிடைத்தால் தளத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். வெக்கையான மாலைகளில் எல்லோரும் ஏசி போடுவதால் வோல்ட் இறங்கும். சுவர்ப் பிளக்கில் செருகும் சின்ன வோல்ட்மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள்; 105க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துங்கள். குறைந்த வோல்ட்டில் கம்ப்ரெசர் சூடாகிக் கெடும், அந்தச் செலவு உங்கள் வைப்புப் பணத்திலிருந்து போகலாம்.

தண்ணீரும் கழிவும்

ஆர்வி பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி இரண்டு பேர் போகும் பயணத்துக்கு எழுதப்பட்டவை. "மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்தால் போதும்" என்பது அவர்களுக்குச் சரி. நமக்குச் சரிவராது.

கழிவறைத் தொட்டி ஒன்று, குசினித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் சேரும் தொட்டி ஒன்று என்று இரண்டு இருக்கும். வண்டிக்கு வண்டி மாறினாலும் ஒவ்வொன்றும் 100 லீற்றரை ஒட்டியது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நாம் கழுவத் தண்ணீர் பாவிப்பவர்கள். ஒரு தடவைக்கு ஃபிளஷோடு சேர்த்து 3 லீற்றர் என்றால், ஆறு பேர், ஆளுக்கு ஐந்து தடவை: 90 லீற்றர். ஒரு நாளிலேயே நிரம்பிவிடும். பகலில் கடைகளிலும் ஓய்விடங்களிலும் உள்ள கழிவறைகளைப் பாவித்தால் இரண்டு நாள் தாங்கும். மற்றத் தொட்டியும் அரிசி கழுவி, மீன் கழுவி, ஆறு தட்டுக் கழுவும் குசினியில் அதே வேகத்தில் நிரம்பும். ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒன்றுவிட்ட ஒரு இரவாவது கழிவு வசதி உள்ள இடம் தேவை. கே.ஓ.ஏக்குக் கொடுக்கும் காசின் உண்மையான பெறுமதி எங்களைப் பொறுத்தவரை இதுதான். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் தளத்தில் கரண்ட் கிடைக்கும், ஆனால் கழிவுக் குழாய் பொதுவாகத் தளத்தில் இருக்காது. வாசலுக்கு அருகில் உள்ள பொது இடத்தில் வரிசையில் நின்று காலிசெய்ய வேண்டும். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அந்த வரிசை நீளம்.

கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள முழு இணைப்புத் தளத்தில் செய்யும் பெரிய பிழை, குழாயை மாட்டிவிட்டுக் கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தபடி விடுவது. தண்ணீர் மட்டும் ஓடிவிடும், திண்மம் அடியில் குவிந்து காயும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் இறங்காது. அந்த வால்வு எப்போதும் மூடியிருக்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறவுங்கள். ஒழுங்கு இது: கையுறை போடுங்கள். மூடியைக் கழற்றுமுன் இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸை வண்டிப் பக்கம் திருகி, கொளுவியது கையில் தெரியும்வரை அழுத்துங்கள். மறுமுனையை நிலத்துக் குழாயில் நன்றாக இறுக்குங்கள். முதலில் கழிவறைத் தொட்டி. அது ஓடி முடிந்து, வால்வை மூடிய பிறகு மற்றது. அந்தச் சவர்க்காரத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். அதற்காகவே முதல்நாள் இரவு இரண்டாவது வால்வையும் மூடி வையுங்கள். கடைசியில் கழிவறைக்குள் 10, 15 லீற்றர் தண்ணீரும் தொட்டிக்கான மருந்தும் விடுங்கள். வெறும் தொட்டியோடு புறப்பட்டால் அடுத்த நாளே மணக்கும். ஈரத்துடைப்பான் எதையும் உள்ளே போடக்கூடாது, பொதியில் என்ன எழுதியிருந்தாலும்.

சோறு வடித்த கஞ்சி, பொரித்த எண்ணெய், தேங்காய்ப்பால் மிச்சம் மூன்றும் குசினித் தொட்டிக்கு எதிரி. கஞ்சி இரண்டு நாளில் புளித்து வண்டி முழுவதும் மணக்கும், எண்ணெய் சுவரில் ஒட்டித் தொட்டி நிரம்பியதாக மீற்றர் பொய் சொல்லும். எண்ணெயைப் போத்தலில் சேர்த்துக் குப்பையில் போடுங்கள். தட்டைக் கழுவுமுன் கடதாசியால் துடையுங்கள். மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் வெளியே மேசையில் சிறிய காஸ் அடுப்பில் செய்தால் புகை அலாரமும் அடிக்காது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம்செய்யும் கட்டணமும் வராது. சமைத்து முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள். வடக்கே கரடி வரும்.

தண்ணீர் இணைப்புக்கு அழுத்தம் குறைக்கும் சின்னப் பித்தளைத் துண்டு ஒன்று வேண்டும், 40 முதல் 50 பி.எஸ்.ஐ அளவில். வாடகை வண்டியோடு தரும் சாமான் பெட்டிக்குள் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள். சில இடங்களில் குழாய் அழுத்தம் வண்டியின் பிளாஸ்டிக் மூட்டுகளுக்கு மிக அதிகம். இரவில் மூட்டு கழன்றால் தரை ஊறிவிடும். குளிப்பதற்குக் கேம்ப்கிரவுண்டின் குளியலறைக்கே போங்கள். வண்டியின் சுடுதண்ணீர் 20 லீற்றரைச் சுற்றித்தான், மூன்றாவது ஆளுக்குப் பச்சைத்தண்ணீர்.

வயதானவர்கள் வந்தால் கே.ஓ.ஏயின் மரக் கபின்களை யோசியுங்கள். ஏழு பேர் படுக்கலாம் என்று விளம்பரப்படுத்தும் வண்டியில் வசதியாகப் படுப்பவர்கள் நாலு பேர். சாரதி இருக்கைக்கு மேலே உள்ள கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டும். இரவில் இரண்டு தரம் எழும்பும் அம்மம்மாவை அங்கே ஏற்றாதீர்கள். அதே கேம்ப்கிரவுண்டில் ஒரு கபின் எடுத்தால் அம்மப்பாவும் அம்மம்மாவும் நிம்மதியாகப் படுப்பார்கள். சாதாரணக் கபினுக்குள் கழிவறை இருக்காது, படுக்கை விரிப்பும் நாமே கொண்டுபோக வேண்டும். பெரியவர்களுக்குக் கழிவறை உள்ள உயர்வகைதான் பொருத்தம்.

மற்றக் கேம்ப்கிரவுண்டுப் பெயர்களையும் கழிவு அட்டைகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஜெல்லிஸ்டோன் பிள்ளைகளுக்கான இடம், இரண்டு இரவுக்குக் குறையாமல் நின்றால்தான் கொடுத்த காசுக்குப் பலன். தவ்சண்ட் ட்ரெயில்ஸ் உறுப்பினர் முறை அங்கேயே வாழ்ந்து ஆண்டு முழுக்கச் சுற்றுபவர்களுக்கு. குட் சாம் அட்டை தன்னோடு இணைந்த தனியார் இடங்களில் 10 வீதம் தரும். பாஸ்போர்ட் அமெரிக்கா என்ற அட்டை பாதி விலை என்கிறது, பல இடங்களில் ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டும், கோடை உச்சத்தில் இல்லை. வோல்மார்ட் வாகனத் தரிப்பிடம் இலவசம். கடை முகாமையாளர் சம்மதித்தால் மட்டும், நகரச் சட்டம் தடுக்காவிட்டால் மட்டும். அங்கே கதிரை போடவோ சமைக்கவோ கூடாது, கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. தொட்டி காலியாக, ஏசி தேவைப்படாத குளிர்ந்த இரவாக, இருவர் மட்டும் என்றால் அது நல்ல வழி. ஆறு பேரோடு ஜூலை வெக்கையில் வேண்டாம்.

கொழும்பிலிருந்து பதிவது

கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணிநேரம் பின்னால். அங்கே காலை 9 மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே மாலை 6.30. ஒன்ராறியோ மாகாணப் பூங்காப் பதிவு ஐந்து மாதம் முன்னர், அங்கே காலை 7 மணிக்குத் திறக்கும்: இங்கே மாலை 4.30. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்கு முன்னர் என்றால் 5.30. ஆகஸ்ட் நாட்களுக்கு மார்ச்சில் பதிவதால் இந்த ஒரு மணிநேரத்தில் பலர் இடத்தைத் தவறவிடுகிறார்கள். பூங்கா நாட்களை முதலில் பிடியுங்கள். அவற்றுக்கிடையில் 350 கிலோமீற்றர் இடைவெளிகளில் கே.ஓ.ஏக்களைப் பிறகு செருகலாம். வங்கியிடம் கடன் அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்; வண்டி எடுக்கும்போது வைப்புப் பணமும் அதே அட்டையில்தான் பிடிப்பார்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த வருகைக்கு ஒன்ராறியோவில் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் செல்லும். என்றாலும் புறப்படுமுன் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டு போங்கள். வாடகை நிறுவனங்கள் கேட்கலாம். அமெரிக்க எல்லையைக் கடப்பதாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்கவேண்டும், விசாவும் வேண்டும், பச்சைக் கறிவேப்பிலையும் விறகும் வண்டியில் இருக்கக்கூடாது. டிசம்பர் விடுமுறைக்கு இந்தப் பயணமே வேண்டாம். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மே வரை பெரும்பாலான இடங்கள் மூடியிருக்கும், வண்டியின் தண்ணீர்க் குழாய்களும் உறையும்.

பதியுமுன் அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். ஆறு பேருக்கு வரியோடு மொத்தம் எவ்வளவு. தளம் நேரே கடக்கக்கூடியதா, எத்தனை அடி. கழிவுக் குழாய் தளத்திலேயே உள்ளதா. இரவு எட்டுக்குப் பின் வந்தால் தள இலக்கத்தை எங்கே ஒட்டி வைப்பார்கள். எந்த நேரம்வரை ரத்துச்செய்தால் காசு திரும்பும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மின்னஞ்சலிலும் அனுப்பும்படி கேளுங்கள். தளங்களுக்கு ஒரு விதி, கபின்களுக்கு வேறு விதி, நீண்ட வார இறுதிக்கு இன்னொரு விதி என்று இருக்கும்.